ஆறாம் பக்கம்

கால்வாய்க் கரையில் அச்சுக்கூடம். மேல்மாடி.
துவைத்த துணிபோலக் கொடிகளில் தாள்கள்.
உலர்ந்ததை இறக்கி மடிப்பது என் வேலை.
எலும்புக் கத்தியால் ஒரு இழுப்பு, ஒரு திருப்பு,
மறுபடி இழுப்பு, திருப்பு,
மூன்றாம் மடிப்பில் பெருந்தாள்
உள்ளங்கை அகலத்துக்கு அடங்கிவிடும்.
மை என் கட்டைவிரலில்.
கணக்கில் லொவைனா பென்னிமன்,
நூறு தாளுக்கு நாலு சென்ட்.

விரித்த தாளில் ஒன்றாம் பக்கத்துக்கு
அண்டை வீடு பதினாறு.
அதற்கடுத்துப் பதின்மூன்று, பிறகு நான்கு.
மேல்வரிசை நால்வரும் தலைகீழாக நிற்பார்கள்.
அந்த வேதத்தை நான் அப்படித்தான் படித்தேன்:
கப்பல் ஏறுமுன்பே கரை இறங்கியவர்களை,
தகப்பன் செத்துக் கிடக்கும் பக்கத்துக்கு மேலே
தலைகீழாக அவனே
மகன்களைத் திட்டிக்கொண்டிருப்பதை.

கையெழுத்துப் பிரதி காலையில் வரும்,
கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டு,
ஓர் ஆள் காவலோடு.
முற்றுப்புள்ளி இல்லை. காற்புள்ளி இல்லை.
எழுத்துக் கோர்க்கும் எபன் ட்ரஸ்கட்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொல்வார்:
"சொன்னவனும் மூச்சு விடவில்லை,
எழுதியவனும் விடவில்லை,
நான்தான் விடவேண்டியிருக்கிறது."
அவர் விசுவாசி அல்ல.
ஆனாலும் அந்தத் தீர்க்கதரிசிகள் நின்று இளைப்பாறும் இடமெல்லாம்
எபனுக்கு மூச்சு வாங்கிய இடம்.

ஊருக்கே தெரிந்த கதைதான்:
ஒரு குடியானவன் மகன், ஒரு குன்று, ஒரு கல்பெட்டி,
பொன் தகடுகள்,
யாருக்கும் காட்டாதே என்ற தேவதூதன்.
ஊர் சிரித்தது.
வாங்கவே மாட்டோம் என்று கூட்டம் போட்டது.
நான் சிரிக்கவில்லை.
எனக்கு வாய்த்தவர் ஏசா.

பதினோரு கோடை, பௌர்ணமி தவறாமல்
மண்வெட்டியும் கவைக்குச்சியுமாகக் குன்றேறியவர்.
கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள்.
இவர் பூதத்துக்காகவே வெட்டினார்,
கிணறுகூடக் கிடைக்கவில்லை.
ஒருமுறை மண்வெட்டி பெட்டியில் இடித்ததாம்.
பேசக்கூடாது, மூச்சுக்கூடக் கேட்கக்கூடாது,
யாரோ இருமினானாம்.
பெட்டி நழுவி ஆழத்துக்குப் போய்விட்டதாம்.
இருமியது தான்தான் என்று
இரண்டு குளிர்காலம் கழித்துச் சொன்னார்,
என்னிடம் மட்டும்.

மை பிசகி, ஒருபுறம் மட்டும் அச்சாகி
ஒதுக்கிய தாள் ஒன்றில்
பாலாடைக்கட்டி சுற்றி எடுத்துப் போனேன்.
ஏசா கட்டியை வைத்துவிட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டார்.
விளக்கடியில் தாளைச் சுழற்றி,
பிறகு தாளைச் சுற்றித் தானும் சுழன்று.
ஐந்தாம் பக்கம் பாதிச் சொல்லில் அறுந்தது.
"ஆறு எங்கே?"
"பின்னால்" என்றேன்.
திருப்பினார். வெறும் வெள்ளை.
எலி ஓடும் சத்தம் கேட்கிற இரவில்
அந்த வெள்ளையை
வெட்டாத மண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு எங்கே என்று கேட்டவரைப்
பனி உருகும் மாதம்
ஆற்றங்கரையில் கண்டேன்.
இடுப்பளவு நீர், பற்கள் கிட்டித்து,
ஒருவர் பின்கழுத்தைப் பிடித்து அமிழ்த்தினார்.
அவர் உயிரோடுதான் எழுந்தார்,
மீசையில் ஒரு சருகு.

கம்பளியால் துடைக்கும்போது கேட்டேன்:
"பொன்னைப் பார்த்தீர்களா?"
"இல்லை."
காது நீலமாகியிருந்தது.
"ஆனால் இந்தமுறை யாரும் இருமவில்லை, லொவைனா."

மறுவருடம் ஓஹையோவுக்குப் போகும் படகு.
குடும்பம் குடும்பமாக, பானை சட்டி, ஒரு கடிகாரம்,
ஆட்டுத்தோல் அட்டையில் அந்தப் புத்தகம்.
அதில் எங்கேயாவது என் கோணல் மடிப்பு ஒன்று இருக்கும்.
நம்பித்தான் ஏறினாயா என்று எபன் கரையிலிருந்து கேட்டார்.
படகைக் குதிரைகள் இழுக்கத் தொடங்கியிருந்தன.

ஏசா முன்பக்கம் நின்று
மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
தோள் அசையாமல்.
கால்வாய்ப் புகை தொண்டையில் ஏறி
எனக்கு இருமல் வந்தது.

அடக்கிக்கொண்டேன்.